தலை திரும்பும் முன்பே கற்றை திரும்ப வேண்டும்: கம்பியில்லா மெய்நிகர் ஹெட்செட்டுகளில் இருப்பிடத் தகவலின் பங்கு

2016-ஆம் ஆண்டு எச்டிசி வைவ், ஓக்குலஸ் ரிஃப்ட் ஆகிய இரண்டு மெய்நிகர் ஹெட்செட்டுகளும் விற்பனைக்கு வந்தபோது, அவற்றை அணிந்தவரின் தலைக்குப் பின்னாலிருந்து கணினிவரை ஒரு கேபிள் நீண்டிருந்தது. அறைக்குள் நடக்கலாம், குனியலாம், சுற்றிப் பார்க்கலாம் என்பதே இக்கருவிகளின் பெருமை. ஆனால் இரண்டு முறை ஒரே திசையில் சுழன்றால் கேபிள் காலில் சிக்கியது. கேபிளை எடுத்துவிட முடியாததற்குக் காரணம் எளிய கணக்கு. இரு கண்களுக்குமான திரைகளைச் சேர்த்தால் 2160-க்கு 1200 படப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், விநாடிக்கு 90 சட்டகங்கள் (அசையும் காட்சியின் தனித்தனிப் படங்கள்) என்று பெருக்கினால், விநாடிக்கு ஏறத்தாழ 5.6 கிகாபிட் வருகிறது. 2018-இல் வந்த வைவ் புரோவில் இது 10 கிகாபிட்டை நெருங்கியது. அன்று வீடுகளில் வழக்கமாக இருந்த வைஃபை இந்த அளவை நெருங்கக்கூட இல்லை.

அளவு மட்டும் சிக்கலாக இருந்திருந்தால் தரவைச் சேமித்து வைத்து மெதுவாகக் காட்டலாம். திரைப்படத்தை இணையத்தில் பார்க்கும்போது நடப்பது அதுதான். மெய்நிகர் காட்சியில் அதற்கு இடமில்லை. தலை அசைந்த கணத்திலிருந்து அதற்கேற்ற காட்சி கண்ணை அடையும் கணம்வரை சுமார் 20 மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது இத்துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு. அதைத் தாண்டினால் கண் சொல்வதும் உட்காது சொல்வதும் முரண்பட்டுக் குமட்டல் தொடங்குகிறது. ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் காலம் 11 மில்லி விநாடி. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் இணைப்பு அறுந்தால் ஒன்பது சட்டகங்கள் போய்விடுகின்றன.

கேபிளை நீக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, காட்சியை வெகுவாகச் சுருக்கி, வழக்கமான 5 அல்லது 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அனுப்புவது. 2021-இல் ஓக்குலஸ் குவெஸ்ட் 2-க்கு வந்த ஏர் லிங்க் வசதி இவ்வழியைப் பின்பற்றியது. விநாடிக்கு அதிகபட்சம் 200 மெகாபிட்டுக்குள் முழுக் காட்சியையும் அடக்கியது. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் சில மில்லி விநாடிகள் செலவாகும், வேகமாக நகரும் காட்சிகளில் சிறு சிதைவு தெரியும், ஆயினும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரௌட்டர் போதும். மற்றொன்று, 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் செல்வது. சந்தை முதல் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்றாலும், ஹெட்செட்டின் இருப்பிடத்தைப் பின்தொடரும் தகவலைக் கொண்டு இணைப்பைச் சீராக்கும் சிந்தனை இரண்டாவது வழியில்தான் முளைத்து வளர்ந்தது. ஏனெனில் அங்கே அது வசதி அல்ல, தேவை.

60 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும் இடம் பெரிது. 2012-இல் வெளியான, 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கான 802.11ஏடி தரநிலையில் ஒரு தடத்தின் (ஓர் இணைப்புக்கு ஒதுக்கப்படும் அலைவரிசைத் துண்டின்) அகலம் 2.16 கிகாஹெர்ட்ஸ். வைஃபை 6-இல் மிக அகலமான தடமே 160 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே வகை ஆன்டெனாவை வைத்து ஒரே தூரத்துக்கு அனுப்பினால், 5 கிகாஹெர்ட்ஸில் வந்து சேரும் திறனில் ஏறத்தாழ 140-இல் ஒரு பங்குதான் 60 கிகாஹெர்ட்ஸில் வந்து சேரும். இழப்பை ஈடுகட்ட, எல்லாத் திசையிலும் பரவும் அலையை ஒரே திசையில் கற்றையாகக் குவிக்க வேண்டும். இந்த அலையின் நீளம் 5 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எட்டுக்கு எட்டு என 64 சிறு ஆன்டெனாக்களை 2 சென்டிமீட்டர் சதுரத்தில் அடுக்கிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் செல்லும் சைகையின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் நிகழும் நேரத்தை, சற்றே முன்பின்னாக மாற்றினால், எந்தப் பாகமும் அசையாமலே கற்றை வேறு திசைக்குத் திரும்பும். (1890-களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதே 5 மில்லிமீட்டர் அலைநீளம்வரை சென்று சோதனைகள் செய்திருந்தார். அதை அன்றாடக் கருவிக்குள் கொண்டுவர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.)

எட்டு ஆன்டெனா அகலமுள்ள வரிசை தரும் கற்றையின் அகலம் சுமார் 13 டிகிரி. நடுக்கோட்டிலிருந்து 6 டிகிரி விலகினால் திறன் பாதியாகிறது. 14 டிகிரி விலகினால் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. எனவே, இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்தில் டார்ச் வெளிச்சம் விலகாமல் விழும்படி பிடிப்பதைப் போன்ற வேலை இது. அதிலும் இருவர் கையிலும் டார்ச் உண்டு: அனுப்பும் கருவியின் கற்றை ஹெட்செட்டை நோக்க வேண்டும், ஹெட்செட்டின் கற்றையும் அனுப்பும் கருவியை நோக்க வேண்டும்.

தரநிலை இதற்கு வைத்திருக்கும் தீர்வு, தேடிப் பார்ப்பது. அனுப்பும் பக்கம் தன் கற்றையை ஒவ்வொரு திசையாகத் திருப்பி ஒரு சிறு செய்தியை அனுப்பும். பெறும் பக்கம் எது வலுவாகக் கேட்டது என்று பதில் சொல்லும். பிறகு இரு பக்கமும் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு செய்திக்கு 16 மைக்ரோ விநாடி அளவில் ஆகும் என்பதால், 64 திசைகளை ஒரு பக்கம் துழாவி முடிக்க ஒரு மில்லி விநாடி போதும். கேட்க இது வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரு பக்கக் கற்றைகளையும் எல்லாச் சேர்க்கைகளிலும் சோதிக்க வேண்டுமானால் 4096 செய்திகள், அதாவது 65 மில்லி விநாடி ஆகிவிடும். தவிர, இந்தத் தேடல் வழக்கமாக 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை வரும் கால அட்டவணையோடு பிணைந்திருக்கிறது. மேசைமேல் இருக்கும் மடிக்கணினிக்கு இது தாராளம். விளையாட்டில் பின்னாலிருந்து ஒலி கேட்டுச் சட்டெனத் திரும்பும் தலை, விநாடிக்கு 300 டிகிரி வேகத்தை எட்டக்கூடும். 100 மில்லி விநாடியில் அது 30 டிகிரி திரும்பிவிடும். அடுத்த தேடல் தொடங்கும்போது இணைப்பு இறந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், கம்பியில்லா இணைப்பைக் கையாளும் வானொலிச் சில்லு இவ்வளவு பாடுபட்டுத் தேடும் விடை அதே ஹெட்செட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. சரியான கோணத்தில் காட்சியை வரைவதற்காக ஹெட்செட் தன் இருப்பிடத்தையும் திசையையும் எந்நேரமும் கணக்கிட்டபடியே இருக்கிறது. சுழற்சியை உணரும் கைரோஸ்கோப்பும் வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானியும் விநாடிக்கு ஆயிரம் முறை அளவில் அசைவைப் பதிகின்றன. அந்த அளவீடுகளில் மெல்லச் சேரும் பிழையைத் திருத்த வைவ் கருவியில் அறையின் மூலைகளில் இருக்கும் லேசர் நிலையங்கள் உதவின. குவெஸ்ட் வகைக் கருவிகளில் அவற்றின் மேலேயே பொருத்தப்பட்ட கேமராக்கள் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் திருத்துகின்றன. மூன்று மீட்டர் தூரத்தில் இருப்பிடத்தில் ஒரு சென்டிமீட்டர் பிழை வந்தாலும், கோணத்தில் அது டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். 13 டிகிரி அகலக் கற்றைக்கு இது பொருட்டே அல்ல. கண்ணை ஏமாற்றத் தேவைப்படும் துல்லியம், ஆன்டெனாவுக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த மிகையைத்தான் இந்த உத்தி இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

இருப்பிடம் என்று பொதுவாகச் சொன்னாலும், இங்கே இடமாற்றத்தைவிடச் சுழற்சியே பெரிய எதிரி. மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நடந்தால், அனுப்பும் கருவியிலிருந்து பார்க்கும் கோணம் விநாடிக்கு 19 டிகிரி மட்டுமே மாறும். அதே மனிதர் நின்ற இடத்திலேயே தலையைத் திருப்பினால், ஹெட்செட்டின் பக்கத்தில் கோணம் அதைப்போல் பதினைந்து மடங்கு வேகத்தில் மாறும். ஆகவே அறையில் நிலையாக இருக்கும் கருவி சோம்பலாக இருந்தாலும் பரவாயில்லை. தலையில் இருக்கும் ஆன்டெனாதான் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். நற்பேறாக, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் அதே தலையில்தான் இருக்கிறது. தகவலை ரௌட்டருக்கு அனுப்பி விடை பெற வேண்டிய தேவையே பெருமளவு இல்லாமல் போகிறது.

2018 செப்டம்பரில் இன்டெலின் 60 கிகாஹெர்ட்ஸ் தொழில்நுட்பத்தோடு வந்த வைவ் கம்பியில்லா இணைப்பான், தன் ஆன்டெனாவைத் தலையின் உச்சியில் வைத்திருந்தது இந்தப் பின்னணியில் பொருள்படுகிறது. கழுத்தை இடமும் வலமும் திருப்பும்போது உச்சந்தலை மறைவதில்லை. உயரத்தில் பொருத்தப்பட்ட அனுப்பும் கருவிக்கு அது பெரும்பாலும் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த இணைப்பானும் சுருக்கம் இல்லாமல் இயங்கவில்லை. டிஸ்ப்ளேலிங்க் நிறுவனத்தின் இலேசான சுருக்க முறை அதில் இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் நுட்பமான கணக்குகளுக்கு முன்னால், ஆன்டெனாவை எங்கே வைப்பது என்ற எளிய முடிவு பாதிச் சிக்கலைத் தீர்த்திருந்தது என்பது என் கருத்து.

இருப்பிடத் தகவலின் உண்மையான வலிமை துல்லியத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. தேடல் முறை எப்போதும் நடந்து முடிந்ததைத்தான் அறியும்: சைகை வலுவிழந்த பிறகே புதிய திசையைத் துழாவும். தலையின் அசைவோ முன்கூட்டியே ஊகிக்கத்தக்கது. கழுத்துத் தசைகளால் எடையுள்ள ஒரு தலையை ஒரே கணத்தில் நிறுத்தவோ எதிர்த்திசையில் திருப்பவோ முடியாது. காட்சியை வரையும் மென்பொருள் இந்த உண்மையை ஆரம்பம் முதலே பயன்படுத்திவருகிறது. வரைந்து முடித்துத் திரையில் தோன்றும் நேரத்தில் தலை எங்கே இருக்கும் என்று சில பத்து மில்லி விநாடிகள் முன்னே ஊகித்தே ஒவ்வொரு சட்டகமும் உருவாகிறது. அதே ஊகத்தை ஆன்டெனாவுக்கும் கொடுத்தால் போதும். 300 டிகிரி வேகத்தில் 5 மில்லி விநாடித் தாமதம் 1.5 டிகிரிப் பிழையைத்தான் தரும். 50 மில்லி விநாடித் தாமதம் 15 டிகிரிப் பிழையைத் தந்து கற்றையை முழுவதுமாக வெளியே தள்ளிவிடும். ஊகம் அந்த இடைவெளியை அடைக்கிறது.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த கோவ்ரேஜ் என்ற முறை இதில் இன்னொரு படி மேலே செல்கிறது. அடுத்த கணத்தில் தலை எந்தப் பாதையில் திரும்பப்போகிறது என்று ஊகித்து, ஒரு புள்ளியை நோக்காமல் அந்தப் பாதை முழுவதையும் மூடும்படி நீள்வட்ட வடிவில் கற்றையை நீட்டுகிறார்கள். ஆன்டெனா வரிசையைச் சிறு துணை வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பாதையின் ஒவ்வொரு பகுதிக்கு ஒதுக்கினால் இது கைகூடும். கற்றை அகலமானால் திறன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தலை வேகமாகத் திரும்பும்போது மட்டும் அகலமாகி, ஓய்ந்ததும் மீண்டும் குறுகும் கற்றை, எப்போதும் குறுகியே இருந்து அவ்வப்போது அறுந்துபோகும் கற்றையைவிட மேல். மெய்நிகர் காட்சிக்குச் சராசரி வேகத்தைவிட மோசமான கணத்தில் கிடைக்கும் வேகமே முக்கியம் என்பதை இந்த வடிவமைப்பு சரியாகப் பிடித்திருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், இருப்பிடம் தெரிந்தாலே எல்லாம் முடிந்ததுபோலத் தோன்றும். அப்படி இல்லை. ஹெட்செட் எங்கே இருக்கிறது என்பது தெரியும். அனுப்பும் கருவி எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஹெட்செட் தனக்கென ஒரு ஆயத்தொலைவு முறையை வைத்திருக்கிறது, அதில் ரௌட்டர் ஒரு புள்ளியாகப் பதிவாகவில்லை. பயனர் கையால் குறித்துக் கொடுத்து, மூன்று மீட்டர் தூரத்தில் 30 சென்டிமீட்டர் தவறினால் கோணப்பிழை ஏறக்குறைய 6 டிகிரி; கற்றையின் பாதி அங்கேயே போய்விடும். ஹெட்செட்டின் இருப்பிடப் பிழையை மில்லிமீட்டரில் கணக்கிடுவோர் இந்த முதல் அளவீட்டைக் கோட்டைவிட்டால் பயனில்லை. இதற்கு மாற்று, கருவியே கற்றுக்கொள்வது: பயனர் அறையில் நடமாடும்போது எந்த நிலையில் எந்தத் திசை வலுவாக இருந்தது என்று சேர்த்துவைத்தால், அந்தக் கோடுகள் சந்திக்கும் இடமே அனுப்பும் கருவியின் இடம்.

அடுத்த இடர், மலிவான ஆன்டெனா வரிசைகள் பாடநூல் சொல்வதுபோல் நடப்பதில்லை. டிபி-லிங்க் நிறுவனத்தின் டாலன் ஏடி7200 என்ற 60 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டரின் கற்றைகளை ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் முப்பரிமாணத்தில் அளந்தபோது, அவை ஒழுங்கான ஒற்றைக் கற்றைகளாக இல்லாமல் பக்கவாட்டுக் கிளைகளுடன் கோணல்மாணலாக இருந்தன. ஆகவே வடிவியல் சொல்லும் திசையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு கருவியிலும் எந்த எண்ணுள்ள கற்றை எந்தத் திசைக்கு உண்மையில் வலுவானது என்று அளந்த அட்டவணை ஒன்று நடுவே தேவைப்படுகிறது. இருப்பிடத் தகவல் தேடலை ஒழித்துவிடாது. 64 திசைகளில் தேட வேண்டியதை மூன்று நான்கு திசைகளாகச் சுருக்கித் தரும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மறைப்பு. 60 கிகாஹெர்ட்ஸ் அலை மனித உடலைக் கடப்பதில்லை. உடல் குறுக்கே வந்தால் இழப்பு 20 டெசிபெல்லுக்குக் குறையாது, அதாவது நூற்றில் ஒரு பங்கே மிஞ்சும். விளையாட்டில் கையை முகத்துக்கு முன் தூக்குவது சாதாரணம். 2016, 2017 ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டினா கடாபி குழுவினர் வெளியிட்ட மோவிஆர் ஆய்வில், கை ஒன்று குறுக்கே வந்தாலே சைகைத் தரம் 14 டெசிபெல்லுக்கும் மேல் சரிந்ததைக் காட்டியிருந்தார்கள். கற்றை மிகச் சரியான திசையில் இருந்தும் இணைப்பு அறுகிறது என்றால், இருப்பிடத்தை எவ்வளவு துல்லியமாக அறிந்தும் என்ன பயன்? அவர்கள் கண்ட தீர்வு, அறைச் சுவரில் ஒரு மின்னணுக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில் படுகோணமும் மீள்கோணமும் சமமாகத்தான் இருக்க முடியும். இந்தக் கண்ணாடி வந்த அலையைப் பெருக்கி, வேண்டிய கோணத்தில் திருப்பி அனுப்பும். தரவைப் பிரித்துப் படிக்கும் சுற்றுகள் இல்லாததால் தாமதமும் செலவும் குறைவு. நேர்வழி மறைக்கப்பட்டதும் கண்ணாடி வழிக்கு மாற வேண்டும். அந்தக் கண்ணாடி எந்தக் கோணத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல, ஹெட்செட்டின் இருப்பிடத் தகவல் மீண்டும் பயன்படுகிறது. இருப்பிடம் பாதையை உருவாக்காது, இருக்கும் பாதைகளுக்கிடையே விரைவாக மாற உதவும் என்பதை இந்த ஆய்வு தெளிவாக்கியது.

தனிக் கண்ணாடி இல்லாவிட்டாலும், வழவழப்பான சுவரும் கண்ணாடிச் சன்னலும் உலோக அலமாரியும் ஓரளவு அலையைத் திருப்பும். குவெஸ்ட் 3 போன்ற புதிய ஹெட்செட்டுகள் அறையின் சுவர்களையும் மேசைகளையும் முப்பரிமாண வரைபடமாக்கி வைத்துக்கொள்கின்றன. சுவரின் இடம் தெரிந்தால், சுவருக்குப் பின்னே அனுப்பும் கருவியின் பிம்பம் எங்கே இருக்கும் என்று பள்ளி வடிவியலாலேயே கணக்கிட்டு, அந்தப் பிம்பத்தை நோக்கிக் கற்றையைத் திருப்பலாம். மறைப்பையும் ஓரளவு முன்கூட்டியே அறியலாம். கைகளில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் இருப்பிடமும் தொடர்ந்து கணக்கிடப்படுவதால், கை எப்போது நேர்கோட்டில் குறுக்கிடும் என்பதைச் சில பத்து மில்லி விநாடிகள் முன்னே சொல்ல முடியும். அதே அறையில் இன்னொருவரும் ஹெட்செட் அணிந்து விளையாடினால், இருவரின் இருப்பிடமும் ஒரே ஆயத்தொலைவு முறையில் பகிரப்பட்டால் அவருடைய உடல் எப்போது மறைக்கும் என்பதும் கணக்குக்குள் அடங்கும். ஹெட்செட் அணியாமல் குறுக்கே நடந்து செல்பவரைத்தான் இந்தக் கணக்கு அறியாது.

இதே தத்துவத்தை அதன் எல்லைக்குக் கொண்டுசென்றவர்கள் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தினர். 2022-இல் அவர்கள் வெளியிட்ட சைக்ளாப்ஸ் என்ற ஆய்வில் வானொலி அலைக்குப் பதிலாக லேசர் ஒளியையே ஹெட்செட்டை நோக்கிச் செலுத்தினார்கள். விநாடிக்கு 10 கிகாபிட்டும் அதற்கு மேலும் செல்லும் இந்த ஒளிக்கற்றையைச் சிறு ஆடிகள் திருப்புகின்றன, எங்கே திருப்புவது என்பதை ஹெட்செட்டின் சொந்த இருப்பிடத் தகவல் சொல்கிறது. 13 டிகிரி அகலத்துக்குத் தாராளமாக இருந்த துல்லியம் லேசருக்குப் போதவில்லை. கருவியின் அளவீடுகளை உண்மை நிலையோடு பொருத்திச் சரிசெய்யும் அளவுதிருத்தமே அந்த ஆய்வின் பெரும்பகுதியாக அமைந்தது. தலை மெதுவாக அசைந்தபோது அது தாங்கியது. விளையாட்டின் திடீர்த் திருப்பங்களுக்கு அது இன்னும் தொலைவு.

இவ்வளவு தெளிவான பயன் இருந்தும் வீடுகளில் ஏன் இது பரவவில்லை? முதல் காரணம் மேலே சொன்னதுதான்: சுருக்க முறைகள் வேகமாக முன்னேறி, வைஃபை 6-உம் பின்னர் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் போதுமான அளவுக்கு நல்லதாகிவிட்டன. கண் நேராகப் பார்க்கும் சிறு பகுதியை மட்டும் தெளிவாகவும் ஓரங்களை மங்கலாகவும் அனுப்பும் முறை தரவை இன்னும் குறைத்தது. இரண்டாவது காரணம் தொழில் அமைப்பில் இருக்கிறது. தலையின் திசையைக் கணக்கிடுவது முதன்மைச் செயலியின் மென்பொருள். கற்றையைத் தேர்ந்தெடுப்பது வானொலிச் சில்லுக்குள் பூட்டப்பட்ட மென்பொருள். பெரும்பாலும் வெவ்வேறு குழுக்கள் எழுதும் இவற்றுக்கிடையே, திசையை மில்லி விநாடி நேரமுத்திரையோடு கொண்டுசேர்க்கும் பொது இடைமுகம் இல்லாதவரை, ஆய்வகத்தில் இயங்குவது கடைக்கு வராது.

தகவலை ஹெட்செட்டுக்கு வெளியே அனுப்பத் தொடங்கினால் வேறொரு கேள்வியும் எழுகிறது. தலையும் கையும் அசையும் விதம் கைரேகைக்கு நிகராக ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒவ்வொருவரிடமிருந்தும் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுத் தரவை மட்டுமே வைத்து, 511 பேரில் ஒருவரை 95 விழுக்காடு சரியாக அடையாளம் கண்டார்கள். இணைப்பைச் சீராக்குவதற்காக அந்தத் தரவை ரௌட்டருக்கோ செல்பேசி நிறுவனத்தின் கோபுரத்துக்கோ முழுமையாகக் கொடுக்க வேண்டியதில்லை. இன்ன கற்றை எண்ணுக்கு மாறு என்ற முடிவை ஹெட்செட்டே எடுத்து, அந்த எண்ணை மட்டும் அனுப்பினால் போதும்.

செல்பேசி வலையமைப்புகளிலும் இதே கேள்வி இப்போது வந்து நிற்கிறது. 5ஜியின் மில்லிமீட்டர் அலைவரிசையில் ஒரு கோபுரம் 64 கற்றைகள்வரை வரிசையாக அறிவிக்கலாம். கருவிகள் அவற்றை அளந்து பதில் சொல்ல வேண்டும், அந்தச் சுற்று வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை வரும். செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் தரநிலைகளின் 18-ஆம் வெளியீட்டில் மெய்நிகர், மிகைமெய் (நிஜக் காட்சியின் மேல் வரைகலையைச் சேர்க்கும்) சேவைகளுக்கான மேம்பாடுகளைச் சேர்த்ததோடு, எல்லாக் கற்றைகளையும் அளக்காமல் சிலவற்றை மட்டும் அளந்து மற்றவற்றை இயந்திரக் கற்றலால் ஊகிக்கும் வழிகளையும் தனியே ஆராய்ந்தது. தெருவில் ஹெட்செட் அணிந்து நடப்பவருக்கு அறைக்குள் இருப்பதுபோல் சென்டிமீட்டர் துல்லியமுள்ள வரைபடம் கிடையாது, கோபுரமும் பல நூறு மீட்டர் தள்ளியிருக்கும். அந்தத் தூரத்தில் இருப்பிடப் பிழை கோணத்தை அதிகம் பாதிக்காது. அங்கேயும் ஆபத்தாக இருப்பது தலையின் திருப்பமும் குறுக்கே வரும் பேருந்தும்தான். இவற்றில் முதலாவதற்குக் கைரோஸ்கோப்பிடம் விடை உண்டு, இரண்டாவதற்கு இல்லை.